கணுக்காலியும் ஆர்த்ரோபோடாவும்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. விலங்கியல்

ஆர்த்ரோபோடா என்னும் சொல்லைக் கேட்டால், தமிழ்வழியில் படித்துவிட்டுக் கல்லூரிக்கு வரும் மாணவன் மிரண்டு போகிறான். கணுக்காலி என்றால் மிரள்வதில்லை. நண்டு, தேள், கரப்பான்பூச்சி, மரவட்டை என்று எடுத்துக்காட்டுகளையும் கேட்காமலே அடுக்கிவிடுவான். வியப்பு என்னவென்றால், இவ்விரண்டும் ஒரே சொல். ஆர்த்ரான் என்றால் கிரேக்க மொழியில் மூட்டு அல்லது கணு. போட் என்பது கால் எனப் பொருள்படும் கிரேக்கப் பகுதி. கணுவை உடைய காலைக் கொண்டவை எவையோ அவை ஆர்த்ரோபோடா. நம் பள்ளிப் பாடநூல் ஆசிரியர்கள் அந்தக் கிரேக்கச் சொல்லைத் திறந்து பார்த்து, உள்ளே இருந்த பொருளை அப்படியே எடுத்துத் தமிழில் வைத்தார்கள். கணு, கால், இ. அவ்வளவுதான்.

செய்தி சிறியது. ஆனால் இதனை அறியாமையால் நேரும் இழப்பு சிறியதன்று. முதற்பருவத் தேர்வு முடிந்து கல்லூரி திறந்தபோது எங்கள் வகுப்பில் இரண்டு இருக்கைகள் காலியாக இருந்தன. அவ்விருவரில் ஒருவன் எங்களுக்குப் பக்கத்து ஊர்க்காரன். இப்போது ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறான். ஏன் வரவில்லை என்று கேட்டேன். "பாடம் புரியாம இல்லடா. பேருதான் வாயில நுழையல. நுழைஞ்சாலும் மறுநாள் காலையில நிக்கிறதில்ல" என்றான். பள்ளியில் உயிரியலில் என்னைவிட அதிக மதிப்பெண் பெற்றவன் அவன். கணுக்காலிகளின் உடற்கண்டங்களும் புறச்சட்டகமும் தோலுரித்தலும் அவனுக்குத் தெரியும். தெரிந்த பொருளுக்குத் தெரியாத பெயர் இட்டு அழைத்ததனால், பொருளே தெரியாதென்று அவன் நம்பிவிட்டான். வீட்டில் கேட்டுத் தெளிவதற்கு ஒரு பட்டதாரியும் இல்லாத குடும்பங்களிலிருந்து வரும் எம்மைப் போன்றவர்களில் பலர் இந்த இடத்திலேதான் நின்றுவிடுகிறார்கள். ஆகவே, தமிழ்வழி மாணவன் கிரேக்கத்திலும் இலத்தீனிலும் பாதியை முன்னமே படித்துவிட்டுத்தான் கல்லூரிக்குள் வருகிறான் என்பதை இங்கே எடுத்துக்காட்ட விரும்புகிறேன்.

விலங்கியலில் தொடங்குவோம். காஸ்ட்ரோபோடா என்பதில் காஸ்டர் என்றால் வயிறு. வயிற்றையே காலாக்கி ஊர்ந்து செல்லும் நத்தையை நாம் வயிற்றுக்காலி என்கிறோம். செஃபலோபோடா என்பதில் கெஃபலே என்றால் தலை. கணவாய் நமக்குத் தலைக்காலி. எக்கினோடெர்மேட்டா என்பதில் எக்கினோஸ் என்பது உடலெல்லாம் முள்ளுள்ள முள்ளெலியைக் குறிக்கும். டெர்மா என்பது தோல். நாம் முட்தோலி என்கிறோம். பிளாட்டிஹெல்மின்தஸ் என்னும் நாக்கைச் சுளுக்கும் சொல், தட்டை என்னும் பிளாட்டிஸும் புழு என்னும் ஹெல்மின்ஸும் சேர்ந்த தட்டைப்புழு. மொலஸ்கா இலத்தீன்; மொல்லிஸ் என்றால் மென்மை; ஆகவே மெல்லுடலி. பொரிஃபெராவும் இலத்தீனே, துளைகளைத் தாங்கியது, துளையுடலி. எல்லா இடத்திலும் இவ்வளவு துல்லியமாகப் பொருந்துவதில்லை. சீலென்டிரேட்டா என்பது சொல்லளவில் உட்குழிந்த குடல். நாமோ குழியுடலி என்று உடலைச் சொல்லிவிட்டோம். அனெலிடாவில் சிறுவளையம் மட்டுமே உண்டு; வளைதசைப்புழு என்னும்போது தசையையும் புழுவையும் நாம் சேர்த்துக்கொண்டோம். இந்த வேறுபாடுகளைத் தேடிப் பார்ப்பதிலும் ஒரு சுவை இருக்கிறது.

நீர்யானையை எண்ணிப் பாருங்கள். ஹிப்போஸ் என்றால் குதிரை, பொட்டமோஸ் என்றால் ஆறு. கிரேக்கன் அவ்விலங்கைப் பார்த்து ஆற்றுக்குதிரை என்றான். நாம் யானை கண்ட நாட்டவர்; நமக்கு அது யானையாகத் தெரிந்தது. வரலாற்றுப் பாடத்தில் வரும் மெசொப்பொட்டேமியாவிலும் அதே ஆறுதான் ஓடுகிறது. மெசோஸ் என்றால் நடு. இரண்டு ஆறுகளுக்கு நடுவிலுள்ள நாடு. ஒருமுறை பொட்டமோஸைப் பிடித்துக்கொண்டால் விலங்கியலும் வரலாறும் ஒரே கயிற்றில் வந்துவிடுகின்றன.

இவ்வாறு பொருளைப் பெயர்த்துத் தமிழில் அறிவியல் சொல்வது நேற்றுத் தோன்றியதன்று. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன் என்னும் அமெரிக்க மருத்துவர் 19ஆம் நூற்றாண்டிலேயே மேனாட்டு மருத்துவத்தைத் தமிழில் கற்பித்தார். உடற்கூற்று நூல்களைத் தமிழில் ஆக்கினார். அவருக்குப் பின் எத்தனையோ பேர் உழைத்திருக்கிறார்கள். அவர்கள் ஆக்கித் தந்த சொற்களை ஆங்கிலம் வந்தவுடன் நாம் தூக்கி எறிந்துவிடுகிறோம். எறியாமல் கையில் வைத்திருந்தால் அவையே சாவி.

சொல்லைப் பிரிப்பது எப்படி என்று யாரும் நமக்குப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. பத்தாம் வகுப்பில் பகுபத உறுப்பிலக்கணம் எழுதி மதிப்பெண் வாங்காதவர் நம்மில் யார்? பவணந்தி முனிவர் நன்னூலில் காட்டிய உறுப்புகள் ஆறு: பகுதி, விகுதி, இடைநிலை, சாரியை, சந்தி, விகாரம். வந்தனன் என்பதை வா, த், த், அன், அன் என்று பிரித்து, முதல் த் சந்தி, அது ந் ஆனது விகாரம் என்று எழுதிய அதே கை, ஆங்கில அறிவியற் சொற்களையும் பிரிக்க வல்லது. இடைநிலை காலம் காட்டுவது. அதற்கு இங்கே வேலையில்லை. மற்ற ஐந்துக்கும் ஏறக்குறைய நேரான உறுப்புகள் உண்டு.

முதலில் சாரியை. புளி, பழம் என்ற இரண்டும் சேரும்போது நடுவே அம் வந்து புளியம்பழம் ஆகிறது. அந்த அம் என்பதற்குத் தனிப்பொருள் இல்லை. இரண்டையும் இணைத்து வைப்பதே அதன் தொழில். ஆர்த்ர், போட் என்ற இரண்டுக்கும் நடுவே ஓ நிற்கிறதே, அதுவும் இத்தகையதே. ஹைட்ரோஜன், ஃபோட்டோசிந்தசிஸ், காஸ்ட்ரோபோடா ஆகியவற்றிலெல்லாம் இந்த ஓ உண்டு. இலத்தீனில் ஓவுக்குப் பதிலாக இ வரும். பொரிஃபெராவில் ஃபெராவுக்கு முன் நிற்கும் இ அதுவே. ஊனுண்ணியாகிய கார்னிவோர், தாவர உண்ணியாகிய ஹெர்பிவோர் ஆகியவற்றிலும் காணலாம். ஆகவே நடுவில் நிற்கும் உயிரெழுத்தைப் பார்த்தே ஒரு சொல் எந்த வீட்டுப் பிள்ளை என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். பெரும்பாலும் என்றுதான் சொல்ல முடியும். டெலிவிஷன் என்பதில் தொலைவு கிரேக்கம், காட்சி இலத்தீன். சொற்களிலும் கலப்புமணம் உண்டு.

அடுத்து விகாரம். மரம் என்பதோடு கள் சேர்ந்தால் மரங்கள் ஆகிறது. ககரம் பின்னால் வருகிறது என்று தெரிந்தவுடன் மகரம் அதற்கு இனமான ஙகரமாகத் திரிந்துவிடுகிறது. கிரேக்கத்தில் சின் என்றால் உடன், கூட. சின்னோடு தீசிஸ் சேர்ந்தால் சிந்தசிஸ், கூட்டி வைத்தல். அதே சின்னோடு வாழ்க்கை எனப்படும் பயோஸ் சேர்ந்தால் சின்பயோசிஸ் ஆவதில்லை, சிம்பயோசிஸ் ஆகிறது. உதட்டில் பிறக்கும் பகரத்துக்கு முன்னால் னகரம் மகரமாயிற்று. இன் என்னும் இலத்தீன் எதிர்மறை இம்பாசிபிள் என்பதில் இம் ஆவதும், இல்லீகல் என்பதில் இல் ஆவதும், இர்ரெகுலர் என்பதில் இர் ஆவதும் இந்த விதியாலேதான். நான்கு முன்னொட்டுகள் என்று நான்கையும் தனித்தனியே மனப்பாடம் செய்பவர்கள் உண்டு. ஒன்றுதான், திரிந்து நிற்கிறது என்று தமிழிலக்கணம் படித்தவன் உடனே சொல்வான்.

ஓரிடத்தில் மட்டும் தமிழிலக்கணம் நமக்குத் துணைவராது. தமிழில் பகுதி முன்னால் நிற்கும். ஒட்டுகளெல்லாம் பின்னால் வரும். கிரேக்க, இலத்தீன் சொற்களிலோ பகுதிக்கு முன்னும் ஒட்டு வரும். இங்கே நமக்குக் கைகொடுப்பது தமிழில் வழங்கும் வடசொற்கள். நீதிக்கு எதிர் அநீதி. ஆதி இல்லாதது அனாதி. மெய்முன் அ என்றும் உயிர்முன் அன் என்றும் வரும் இந்த எதிர்மறை, கிரேக்கத்திலும் அப்படியே உண்டு. இரண்டு மொழிகளும் ஒரே குடும்பம். பிளக்க முடியாதது ஆட்டம், அதாவது அணு. அதில் வருவது அ. குருதிக்குறைவாகிய அனீமியாவிலும், காற்றின்றி வாழ்வதைக் குறிக்கும் அனேரோபிக் என்பதிலும் வருவது அன். எண்ணுப்பெயர்களும் இப்படியே. பஞ்சம், சப்தம், அஷ்டம், தசம் தெரிந்தவனுக்குப் பென்டா, ஹெப்டா, ஆக்டா, டெக்கா என்பவை உறவினர்கள்.

விகுதிக்கு ஒரு நல்ல கதை இருக்கிறது. 1868 ஆகஸ்ட் 18ஆம் நாள் முழுச் சூரிய கிரகணம். அதைக் காண ழான்சென் என்னும் பிரெஞ்சு அறிஞர் அன்றைய சென்னை மாகாணத்துக் குண்டூருக்கு வந்து, சூரியனின் விளிம்பில் எழும் தழல்களின் நிறமாலையை ஆராய்ந்தார். அதே ஆண்டில் இங்கிலாந்தில் லாக்கியர் சூரிய நிறமாலையிலிருந்த ஒரு மஞ்சள் கோட்டை ஆராய்ந்து, அது பூமியில் அறியப்படாத ஒரு தனிமத்தினுடையது என்றார். கிரேக்கத்தில் ஹீலியோஸ் என்றால் கதிரவன். அதனோடு இயம் என்னும் விகுதியைச் சேர்த்து ஹீலியம் என்றனர். சோடியம், பொட்டாசியம், கால்சியம் முதலிய உலோகங்களுக்குரிய விகுதி அது. புதிய தனிமமும் உலோகமாகவே இருக்கும் என்று கருதினர். 1895இல் ராம்சே அதனைப் பூமியில் கண்டபோது, அது வாயு. பெயர் மாறவில்லை. அதன் தம்பிகளுக்கு விகுதி ஒழுங்காக அமைந்தது: புதியது என்னும் நியான், மறைந்திருப்பது என்னும் கிரிப்டான், அயலான் என்னும் செனான், சோம்பேறி என்னும் ஆர்கான். எதனோடும் எளிதில் வினைபுரியாத வாயுவுக்குச் சோம்பேறி என்று பெயரிட்டவர்களுக்கு நகைச்சுவை உணர்வு இருந்திருக்க வேண்டும்.

இச்சொற்களெல்லாம் கிரேக்கமும் இலத்தீனும் பயின்ற பெருமக்களுக்கே உரியவை, நம்மைப் போன்றவர்களுக்கு எட்டாதவை என்று ஓர் எண்ணம் உண்டு. அதனை மாற்றுவதற்கு மைக்கேல் ஃபாரடே ஒருவர் போதும். அவர் ஒரு கொல்லரின் மகன். பள்ளிப்படிப்பு மிகக் குறைவு. புத்தகங்களுக்குக் கட்டுமானம் செய்யும் கடையில் தொழில் பழகியவர். கட்ட வந்த நூல்களைப் படித்தே அறிவியலுக்குள் நுழைந்தார். மின்னாற்பகுப்பை ஆராய்ந்தபோது தாம் கண்டவற்றுக்குப் பெயர்கள் தேவைப்பட்டன. அவருக்குக் கிரேக்கம் தெரியாது. 1834இல் கேம்பிரிட்ஜிலிருந்த வில்லியம் ஹியூவெல் என்னும் அறிஞருக்குக் கடிதம் எழுதிக் கேட்டார். ஹியூவெல் ஆனோடு, கேத்தோடு, அயான் என்னும் பெயர்களைத் தந்தார். சயின்டிஸ்ட் என்னும் சொல்லைப் படைத்தவரும் அவரே. கிரேக்கம் அறியாத கொல்லர் மகன் கேட்டுப் பெற்ற சொற்களைத்தான் இன்றைக்கு உலகிலுள்ள வேதியியல் மாணவர் அனைவரும் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

அச்சொற்களைப் பிரிப்போம். ஹோடோஸ் என்றால் வழி. அனா என்றால் மேல்நோக்கி, கட்டா என்றால் கீழ்நோக்கி. மேல்வழி ஆனோடு, கீழ்வழி கேத்தோடு. கட்டாவின் ஈற்றுயிர் கெட்டு, எஞ்சிய டகரமும் ஹோடோஸின் ஹகரமும் கூடித் தகரம்போல் ஒலிக்கிறது. நாடு என்பதோடு எங்கும் சேரும்போது உகரம் கெட்டு நாடெங்கும் ஆவதை நினைத்துக்கொள்க. அயான் என்றால் செல்வது. மேலே செல்வது ஆனயான், கீழே செல்வது கேட்டயான். மின்வாயை நோக்கித் துகள்கள் நடந்து போவது இப்பெயர்களிலேயே தெரிகிறது. இந்த ஹோடோஸ் வேறெங்கெல்லாம் போகிறது பாருங்கள். மெத்தட் என்பதில் இருக்கிறது. நாமும் வழிமுறை என்றே சொல்கிறோம். பீரியட் என்பதிலும் இருக்கிறது. பெரி என்றால் சுற்றி, ஆகவே சுற்றிவரும் வழி. தனிமங்களின் பண்புகள் சுற்றிச் சுற்றித் திரும்ப வருவதனால் அந்த அட்டவணை பீரியாடிக் ஆயிற்று. பழைய தமிழ்ப் பாடநூல்களில் அதனை ஆவர்த்தன அட்டவணை என்றார்கள். அதுவும் திரும்ப வருதல்தான்.

என் மனத்துக்கு மிகவும் பிடித்த பகுதி ஃபெர் என்னும் இலத்தீன் பகுதி. தாங்குதல், சுமத்தல் என்று பொருள். துளைகளைச் சுமப்பது பொரிஃபெரா என்று முன்னர்ப் பார்த்தோம். தாவரவியல் நண்பர்களிடம் இது மரமாக வளர்ந்து நிற்கிறது. 1753இல் லின்னேயஸ் வெளியிட்ட நூலில் தென்னைக்குக் கோகோஸ் நியூசிஃபெரா என்று பெயர், கொட்டையைச் சுமப்பது. மாமரத்துக்கு மாஞ்சிஃபெரா இண்டிகா. மாங்காயைச் சுமக்கும் இந்திய மரம். அதன் முன்பாதி மாங்காயிலிருந்தே போனது. போர்த்துக்கீசியர் தென்னாட்டுக் கரையில் கேட்டு மங்கா என்று கொண்டு சென்ற சொல் அது. முருங்கையின் பெயர் மொரிங்கா ஒலெயிஃபெரா. ஒலெயம் என்றால் எண்ணெய். விதையில் எண்ணெயைச் சுமப்பது. மொரிங்கா என்பது நம் முருங்கையே. இதனை என் அம்மாவிடம் சொன்னேன். "நம்ம பேரைத்தான வெச்சிருக்கான், இதப் படிக்கவா இத்தனை பஸ் மாறிப் போற?" என்றார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அம்மா சொன்னதில் தவறில்லை.

இதைக் கொண்டு எல்லாக் கிரேக்கச் சொல்லும் தமிழிலிருந்தே போயிற்று என்று நிறுவப் புறப்படுவோர் உண்டு. எனக்கு அந்த ஆசையில்லை. போனதைப் போனது என்போம். வந்ததை வந்தது என்போம். இரண்டிலும் நமக்கு இலாபமே.

ஃபெர் என்னும் பகுதிக்குக் கிரேக்கத்தில் ஓர் உடன்பிறப்பு உண்டு, அது ஃபோர். ஒளி என்னும் ஃபோஸ் அதனோடு சேர்ந்தால் பாஸ்பரஸ், ஒளியைச் சுமப்பது. 1669இல் ஹாம்பர்க் நகரத்து ஹென்னிக் பிராண்ட் சிறுநீரைக் காய்ச்சி வடித்தபோது இருட்டில் மினுமினுக்கும் அப்பொருள் கிடைத்தது. இலத்தீனில் ஒளி லக்ஸ் எனப்படும். அதனோடு ஃபெர் சேர்ந்தால் லூசிஃபர். கிரேக்கர் பாஸ்பரஸ் என்றதும் உரோமர் லூசிஃபர் என்றதும் ஒரே கோளைத்தான், நம் விடிவெள்ளியை.

எழுத்துக்கூட்டலிலும் இவ்வறிவு உதவும். சைக்காலஜி, நிமோனியா, டெரிடோஃபைட்டா ஆகிய சொற்களின் தொடக்கத்தில் பி என்னும் எழுத்து ஒலிக்காமல் நிற்கிறது. வேண்டாத எழுத்தை எதற்கு எழுதுகிறார்கள் என்று நாம் எரிச்சலடைகிறோம். கிரேக்கன் அதனை ஒலித்தான். ஆங்கிலேயனுக்குச் சொல்லின் முதலில் அந்த மெய்ம்மயக்கம் வாயில் வரவில்லை. சொல்லின் நடுவில் வந்தால் அந்தப் பி விழித்துக்கொள்ளும். சிறகுக்குக் கிரேக்கத்தில் ப்டெரான் என்று பெயர். ஹெலிகாப்டர் என்பதை ஹெலி, காப்டர் என்று பிரிக்கக்கூடாது; சுருள் என்னும் ஹெலிக்கோ, சிறகு என்னும் ப்டர். சுழற்சிறகு! அங்கே பி நன்றாக ஒலிக்கிறது. இந்தச் சிறகு கிடைத்துவிட்டால் பூச்சியினங்களின் வரிசைகள் எல்லாம் பறந்து வந்து கையில் அமரும். ஈக்கு இரண்டே சிறகு, அது டிப்டிரா. வண்ணத்துப்பூச்சியைத் தொட்டால் விரலில் ஒட்டும் பொடி உண்மையில் செதில்கள். செதிலுக்கு லெபிஸ் என்று பெயர், ஆகவே லெபிடாப்டிரா. வண்டின் முன்சிறகு வாளுக்கு உறைபோல மூடிக் கிடக்கும். உறைக்குக் கோலியோஸ் என்று பெயர், ஆகவே கோலியாப்டிரா. மழைக்காலத்தில் விளக்கைச் சுற்றும் ஈசலை எடுத்துப் பார்த்தால் நான்கு சிறகும் ஒரே அளவு. கறையான் இனத்துக்கு நெடுங்காலம் வழங்கிய பெயர் ஐசாப்டிரா, சமச்சிறகி. மனப்பாடம் செய்ய இதில் என்ன இருக்கிறது?

இவ்வளவு சொன்ன பின் எச்சரிக்கை ஒன்றும் சொல்லியாக வேண்டும். வேர்ச்சொல் ஒரு பொருளுக்குப் பெயர் வைத்தவர் என்ன நினைத்தார் என்பதைக் காட்டும். அவர் நினைத்தது சரியா என்பதைக் காட்டாது. ஆக்ஸிஜன் என்றால் அமிலத்தைப் பிறப்பிப்பது. எல்லா அமிலங்களிலும் அது உண்டு என்று லவாய்சியர் நம்பினார். 1787இல் அவரும் தோழர்களும் வெளியிட்ட பெயரீட்டு நூலில் அப்பெயர் நிலைபெற்றது. ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஆக்ஸிஜன் இல்லை என்பதை 1810இல் டேவி எடுத்துக்காட்டினார். மலேரியா என்பது கெட்ட காற்று எனப் பொருள்படும் இத்தாலியச் சொல். காற்றுக்கும் அந்நோய்க்கும் தொடர்பில்லை. 1897இல் செகந்தராபாத்தில் ரொனால்டு ராஸ் அதன் ஒட்டுண்ணியைக் கொசுவின் வயிற்றில் கண்டார். பெயர் மட்டும் இன்னும் காற்றைப் பழித்துக்கொண்டிருக்கிறது. குளோரோஃபில் என்பதைப் பார்த்துப் பச்சையத்தில் குளோரின் இருக்கிறது என்று எழுதினால் மதிப்பெண் போய்விடும். குளோரோஸ் என்பது இளம்பச்சை நிறம். இலையும் பச்சை, அந்த வாயுவும் பசுமை கலந்த மஞ்சள். உறவு நிறத்தோடு முடிந்தது. பச்சையத்தில் இருக்கும் உலோகம் மக்னீசியம்.

ஒரே தோற்றமுள்ள இரண்டு பகுதிகளும் நம்மை ஏமாற்றும். ஹோமோ சேபியன்ஸ் என்பதிலுள்ள ஹோமோ இலத்தீன், மனிதன். மரபியலில் வரும் ஹோமோசைகஸ் என்பதிலுள்ள ஹோமோ கிரேக்கம், ஒத்தது. பெடல் என்பதில் பெட் இலத்தீன் கால். குழந்தை மருத்துவமாகிய பீடியாட்ரிக்ஸ் என்பதில் வருவது கிரேக்கக் குழந்தை. எல்லாவற்றினும் ஆபத்தானது இன். எதிர்மறையாக வரும் இன் ஒன்று. உள்ளே, மேலும் என்று வரும் இன் வேறொன்று. பெட்ரோல் ஏற்றிச் செல்லும் டேங்கர் லாரிகளின் பின்புறத்தில் இன்ஃப்ளேமபிள் என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். இன் என்றால் இல்லை என்று மட்டும் படித்தவன், தீப்பற்றாது போலும் என்று எண்ணிப் பக்கத்தில் நின்று பீடி பற்றவைப்பான். அது எளிதில் தீப்பற்றும் என்று பொருள்படும் சொல்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். இம்முறையால் ஆங்கிலம் பேச வந்துவிடாது. கெட், புட், டேக், கம் என்று அன்றாடம் வழங்கும் சின்னச் சொற்கள் கிரேக்கமுமல்ல, இலத்தீனுமல்ல. அவை ஜெர்மானியக் குடும்பத்துச் சொற்கள். அவற்றை உடைத்தால் ஒன்றும் உதிராது. நேர்முகத் தேர்வில் எதிரே அமர்ந்திருப்பவரிடம் தடுமாறாமல் பேசுவதற்கு வேறு பயிற்சி வேண்டும். இஃது அறிவியல் நூல்களின் வாசலைத் திறப்பதற்கான வழி மட்டுமே. ஆனால் வாசலிலேயே திரும்பிப் போனவர்களை நினைக்கும்போது, அந்த மட்டும் பெரிதாகத் தோன்றுகிறது.

நான் பின்பற்றும் முறையைக் கேட்ட நண்பர்களுக்காக இங்கே எழுதுகிறேன். சொல்லுக்கு ஒரு பக்கம் வேண்டாம். பகுதிக்கு ஒரு பக்கம் ஒதுக்குக. போட் என்று தலைப்பிட்டு அதன்கீழ் ஆர்த்ரோபோடா முதல் ஆக்டோபஸ் வரை, வர வர எழுதிக்கொண்டே போகலாம். எதிரில் தமிழ்க் கலைச்சொல்லை எழுதுவது கட்டாயம். பொருள் அதில்தான் இருக்கிறது. நம் கையிலிருக்கும் சிறிய ஆங்கில-தமிழ் அகராதிகளில் வேர்ச்சொல் தருவதில்லை. நூலகத்தில் சேம்பர்ஸ் போன்ற பெரிய அகராதி இருந்தால் கேட்டு வாங்குங்கள். ஒவ்வொரு சொல்லின் அடியிலும் பகர அடைப்புக்குள் அது எந்த மொழியிலிருந்து வந்தது என்று சுருக்கமாகக் குறித்திருப்பார்கள். பெரும்பாலோர் அந்த அடைப்பைத் தாண்டிச் சென்றுவிடுகிறார்கள். வகுப்பில் புதிய சொல் வரும்போது பேராசிரியர்கள் அரை நிமிடம் ஒதுக்கிக் கரும்பலகையில் அதனைப் பிரித்துக் காட்டினால், பின்வரிசை மாணவர்களின் முகத்தில் வேறுபாடு தெரியும். இதனை வேண்டுகோளாகவே முன்வைக்கிறேன்.

ஜவுளிக்கடை நண்பன் ஞாயிற்றுக்கிழமைகளில் ஊருக்கு வருகிறான். சென்ற மாதம் என் குறிப்பேட்டை வாங்கிப் புரட்டிக்கொண்டிருந்தவன், "அப்ப எக்கினோடெர்மேட்டான்னா முட்தோலியா? அட, இதான் அதுவா?" என்றான். அஞ்சல்வழிப் படிப்புக்கு விண்ணப்பம் எப்போது தருவார்கள் என்று கேட்டுச் சொல்லச் சொன்னான். விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.

இப்போது எங்களுக்கு முதுகெலும்பிகள் பாடம் நடக்கிறது. நூலைப் பிரித்தவுடன் காண்டிரிக்தியஸ், ஆஸ்டிக்தியஸ் என்று இரண்டு பெயர்கள் எதிர்ப்பட்டன. பின்பாதி இரண்டுக்கும் ஒன்றே; இக்தியஸ், மீன். முன்பாதியில் காண்டிராஸ் என்றால் குருத்தெலும்பு, ஆஸ்டியான் என்றால் எலும்பு. சுறா முதலாவதில் அடங்கும். கெண்டையும் கெளுத்தியும் இரண்டாவதில். மீன்கடைத் தட்டிலேயே இரண்டையும் பிரித்து வைத்துவிடலாம்.